தாதியின் வேலை வீட்டுக்கு வரும்போது: கடும் நோயுள்ள குழந்தையின் பெற்றோர் கற்பதும் சுமப்பதும்

“வீட்டிலேயே மருத்துவமனை” என்ற செய்திகள் சிங்கப்பூரில் அடிக்கடி வரத் தொடங்கியதிலிருந்து பலருக்கு ஒரு குழப்பம். மூக்கில் குழாயுடன் வீடு திரும்பும் குழந்தை, கழுத்தில் துளையிட்டு மூச்சுவிடும் குழந்தை, புற்றுநோய் மருந்தை வீட்டில் விழுங்கும் குழந்தை என்று எல்லாரையும் அந்தத் திட்டம் பார்த்துக்கொள்ளும் என நினைத்துவிடுகிறார்கள். உண்மையில் இந்தக் குழந்தைகளின் அன்றாட மருத்துவ வேலையைச் செய்பவர்கள் அப்பாவும் அம்மாவும்தான். அந்த வேலை என்ன, எப்படிக் கற்கிறார்கள், எங்கே தவறு நேரும், செலவை யார் தாங்குகிறார்கள் என்பதை இந்தக் கட்டுரை விளக்குகிறது.

முதலில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். பெற்றோர் செய்வதை “கூடமாட உதவி” என்று பேசுவது வழக்கமாகிவிட்டது. அது உதவி இல்லை, மருத்துவ வேலை. மருத்துவமனையில் அதே வேலைக்குப் பயிற்சி, சரிபார்ப்பு, மாற்று ஆள், ஓய்வு நேரம் எல்லாம் உண்டு. வீட்டுக்கு வரும்போது பயிற்சி மட்டும் கூட வருகிறது. மற்ற மூன்றும் பெரும்பாலும் வாசலோடு நின்றுவிடுகின்றன. சிக்கல்கள் அதிகம் முளைப்பது அங்கேதான்.

இரண்டு ஏற்பாடுகள், இரண்டு பொறுப்புகள்

“வீட்டிலேயே மருத்துவமனை” என்று செய்திகளில் வரும் எம்ஐசி அட் ஹோம் திட்டம் 2024 ஏப்ரல் முதல் பொது மருத்துவமனைகளின் வழக்கமான சேவையாகிவிட்டது. வார்டில் படுத்திருக்க வேண்டிய நோயாளி, சில நாள்களுக்கு வீட்டில் இருந்தபடியே அந்தச் சிகிச்சையைப் பெறுகிறார். மருத்துவர் காணொளியில் பார்க்கிறார், தாதி வீட்டுக்கு வருகிறார். பதிவேட்டில் அவர் இன்னும் மருத்துவமனையில் அனுமதிக்கப்பட்டவர்தான். பொறுப்பு மருத்துவமனையுடையது. நோய் தணிந்ததும் கணக்கு முடிந்துவிடும்.

நாம் பேசப்போகும் குழந்தைகளின் நிலை வேறு. இவர்கள் முறைப்படி வீட்டுக்கு அனுப்பப்பட்டவர்கள். நோய் தீரவில்லை, மாதக்கணக்கிலோ ஆண்டுக்கணக்கிலோ தொடரும். அடுத்த பரிசோதனை நாள் வரை, நடுராத்திரி 2 மணிக்குச் சளி உறிஞ்சுவது முதல் மருந்து அளப்பது வரை எல்லாம் வீட்டிலிருப்பவர் கையில்.

இப்படிப்பட்ட குழந்தைகள் முன்பைவிட அதிகமாக வீடு திரும்புவதற்குக் காரணங்கள் உண்டு. மிகக் குறைமாதத்தில் பிறப்பவர்களும் கடுமையான பிறவிக் கோளாறு உள்ளவர்களும் இப்போது பிழைக்கிறார்கள். சுவாசக் கருவி கைப்பெட்டி அளவுக்குச் சுருங்கிவிட்டது. மருத்துவமனையில் நீண்ட நாள் இருந்தால் கிருமித்தொற்று ஆபத்து கூடும். அதோடு, ஒரு குழந்தை பேச, விளையாட, அக்கா தம்பியோடு சண்டை போடக் கற்பது வார்டில் நடக்காது. ஆக, வீடு என்பது சரியான முடிவுதான். முடிவு சரி என்பதாலேயே ஏற்பாடும் சரியாக இருக்கும் என்று சொல்ல முடியாது.

வீட்டுக்கு வரும் வேலைகள்

1. உணவு: என்ஜி டியூப் எனப்படும், மூக்கு வழியாக இரைப்பைக்குச் செல்லும் குழாய், அல்லது வயிற்றில் துளையிட்டு வைக்கும் பெக் குழாய்.
2. மூச்சு: டிரக்கியோஸ்டமி, அதாவது கழுத்துத் துளையில் பொருத்திய குழாய், சளி உறிஞ்சும் கருவி, ஆக்சிஜன், சிலருக்குச் சுவாசக் கருவி.
3. மருந்து: வலிப்பு மருந்து, இன்சுலின், ரத்தப் புற்றுநோய்க்கான மாத்திரைகள், மருந்து ஏற்ற நெஞ்சில் பதித்து, பெரிய ரத்தநாளத்துக்குள் செல்லும் மையச் சிரைக்குழாயைச் சுத்தமாக வைத்திருப்பது.
4. கவனிப்பு: மூச்சின் வேகம், உதட்டின் நிறம், காய்ச்சல், சிறுநீரின் அளவு ஆகியவற்றைப் பார்த்து, இது வழக்கம்தானா இல்லையா என்று முடிவெடுப்பது.

முதல் மூன்றும் கைவேலை. பெரும்பாலான பெற்றோருக்கு அவை சில நாள்களில், அல்லது கருவியைப் பொறுத்துச் சில வாரங்களில், கைவந்துவிடும். நான்காவதுதான் கடினம். அதற்கு ஒதுக்கப்படும் பயிற்சி நேரமோ குறைவு.

பயிற்சி நடக்கும் விதம்

சிங்கப்பூரில் இத்தகைய குழந்தைகள் பெரும்பாலும் கேகே மகளிர், சிறுவர் மருத்துவமனையிலோ தேசியப் பல்கலைக்கழக மருத்துவமனையிலோ இருப்பார்கள். விவரம் இடத்துக்கு இடம் மாறினாலும் வரிசை ஏறக்குறைய ஒன்றுதான். தாதி செய்வதைப் பார்ப்பது, பொம்மையில் செய்வது, தாதி பக்கத்தில் நிற்கக் குழந்தைக்குச் செய்வது, பிறகு தனியாகச் செய்வது. ஒவ்வொரு படியும் பட்டியலில் குறிக்கப்பட்டுக் கையெழுத்தாகும்.

இதில் இரண்டு கட்டங்கள் முக்கியம். முதலாவது, கற்றதைத் தாதிக்கே திருப்பிச் சொல்லிக் காட்டுவது. “புரிந்ததா?” என்று கேட்டால் நம்மில் அநேகர் தலையாட்டிவிடுவோம், அதுவும் வெள்ளைக் கோட்டுக்கு முன்னால். “இப்போது நீங்கள் எனக்குச் சொல்லிக்கொடுங்கள்” என்றால்தான் ஓட்டை தெரியும். தாதி கேட்காவிட்டாலும் நாமே கேட்டு இதைச் செய்யலாம்.

இரண்டாவது, வீடு திரும்புமுன் ஓரிரு நாள் மருத்துவமனை அறையிலேயே குழந்தையுடன் தங்கி, இரவு பகல் முழு வேலையையும் பெற்றோரே செய்வது. தாதி கூப்பிடு தூரத்தில் இருப்பார், ஆனால் கை வைக்கமாட்டார். பகல் 11 மணிக்குத் தெம்போடு செய்த வேலையும், அலாரம் மூன்றாவது முறை அடித்து எழுப்பிய பிறகு செய்யும் வேலையும் ஒன்றல்ல என்பது அங்கேதான் தெரியும். சீக்கிரம் வீட்டுக்குப் போகும் ஆசையில் இந்தக் கட்டத்தைச் சுருக்கிக்கொள்ளும் குடும்பங்கள் உண்டு. என் பார்வையில், வேறு எதைச் சுருக்கினாலும் இதைச் சுருக்கக் கூடாது.

மொழியும் ஒரு விஷயம். பயிற்சி பெரும்பாலும் ஆங்கிலத்தில் நடக்கும். அம்மாவுக்குப் புரிந்துவிடும், பகலில் குழந்தையைப் பார்க்கப்போகும் பாட்டிக்கும் பணிப்பெண்ணுக்கும்? பாட்டிக்குத் தமிழ், பணிப்பெண்ணுக்கு இந்தோனீசிய மொழியோ பர்மிய மொழியோ. வாய்மொழியாக ஒருவர் சொல்ல மற்றவர் கேட்டு நடப்பதில் ஒரு படி தொலைந்துபோவது சுலபம். மொழிபெயர்ப்பு உதவி கேட்பதில் கூச்சம் வேண்டாம். அதோடு, ஒவ்வொரு வேலைக்கும் ஒரு பக்கத் தாளை வீட்டில் பேசும் மொழியிலேயே எழுதி, தாதியிடம் காட்டிச் சரிபார்த்து, குளிர்பதனப் பெட்டியின் கதவில் ஒட்டுவது நல்லது.

கிட்டத்தில் பார்த்தால்: மூக்குக் குழாய்

என்ஜி டியூப் பார்க்கச் சாதாரணம். மெல்லிய குழாய், கன்னத்தில் ஒரு பிளாஸ்திரி. ஆபத்து கண்ணுக்குத் தெரியாத முனையில் இருக்கிறது. குழாய் இரைப்பைக்குப் போகாமல் நுரையீரல் பக்கம் போயிருந்தாலோ, இருமலிலும் வாந்தியிலும் மேலே நகர்ந்திருந்தாலோ, ஊற்றும் பால் நுரையீரலுக்குப் போய்விடும்.

அதனால் ஒவ்வொரு முறை பால் கொடுக்குமுன்பும் சோதனை. மூக்கு விளிம்பில் குழாயில் போட்ட குறி அதே இடத்தில் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பிறகு ஊசியில்லாத சிரிஞ்சால் கொஞ்சம் திரவத்தை இழுத்து, அமில அளவைக் காட்டும் பிஎச் தாளில் ஒரு சொட்டு விட வேண்டும். இரைப்பையில் அமிலம் இருப்பதால் தாள் 5 அல்லது அதற்குக் கீழே காட்டும். சில மருத்துவமனைகள் 5.5 வரை ஏற்கின்றன. உங்கள் குழந்தைக்குச் சொன்ன எண் எதுவோ அதுதான் கணக்கு.

சரி, திரவமே வரவில்லை என்றால்? குழந்தையை இடப்பக்கம் சாய்த்துப் படுக்க வைப்பது, சற்றுக் காத்திருப்பது, சிரிஞ்சால் கொஞ்சம் காற்றைச் செலுத்தி மறுபடி இழுப்பது என்று வழிகள் கற்றுத்தரப்படும். அப்போதும் வரவில்லை, அல்லது எண் அதிகமாகக் காட்டுகிறது என்றால் பால் கிடையாது. மருத்துவமனையைக் கூப்பிட வேண்டும். இங்கே ஒரு நுணுக்கம்: சற்றுமுன் குடித்த பாலும், அமிலத்தைக் குறைக்கும் மருந்தும் எண்ணை உயர்த்திவிடும். குழாய் சரியான இடத்தில் இருந்தும் தாள் 6 காட்டலாம். அப்படிப்பட்ட மருந்து சாப்பிடும் குழந்தைக்கு என்ன செய்வது என்பதை வீடு திரும்புமுன்பே எழுதி வாங்கிக்கொள்வது நல்லது.

காற்றை அடித்து, வயிற்றில் காது வைத்துச் சத்தம் கேட்கும் பழைய முறையைச் சில வீடுகளில் இன்னமும் நம்புகிறார்கள். நுரையீரலில் இருக்கும் குழாயிலும் அதே சத்தம் வரலாம் என்பதால் அதை நம்பக்கூடாது.

வயிற்றுத் துளைக் குழாய்க்கு இந்தச் சோதனைத் தொல்லை குறைவு. ஆனால் அது கழன்று விழுந்தால், சில மணி நேரத்திலேயே துளை மூட ஆரம்பித்துவிடும். புதிதாகப் போட்ட துளை என்றால் வீட்டில் எதையும் செருக முயலாமல் நேரே மருத்துவமனைக்குப் போக வேண்டும். நன்றாக ஆறிய துளை என்றால் கற்றுக்கொடுத்தபடி செய்யலாம்.

சத்தமில்லாமல் அழும் குழந்தை

டிரக்கியோஸ்டமி பற்றிப் பலருக்குத் தெரியாத ஒன்று: குழாய் குரல்நாணுக்குக் கீழே இருப்பதால் மூச்சுக்காற்று அங்கேயே வெளியேறிவிடும். பெரும்பாலான குழந்தைகளுக்கு, குறைந்தது ஆரம்பத்தில், அழுகைச் சத்தம் வராது. பக்கத்து அறையில் இருந்துகொண்டு “அழுதால் போய்ப் பார்க்கலாம்” என்று இருக்க முடியாது. விரலில் மாட்டும் ஆக்சிஜன் அளவுமானி அலாரம் கொடுக்கும். என்றாலும் கூப்பிட்டால் உடனே வரும் தூரத்தில், பயிற்சி பெற்ற ஒருவர் எப்போதும் இருந்தாக வேண்டும். எப்போதும் என்றால் அப்பா குளிக்கும் நேரமும் அம்மா கீழே குப்பை போடப் போகும் நேரமும் அதில் அடங்கும்.

குழாய் சளியால் அடைபட்டால் குழந்தைக்கு இருப்பது சில நிமிடங்கள்தான். அதனால் வரிசை மனப்பாடமாக இருக்க வேண்டும்:

1. உடனே சளியை உறிஞ்சுதல். உறிஞ்சுகுழாய் எவ்வளவு ஆழம் போகலாம் என்பது முன்பே அளந்து குறிக்கப்பட்டிருக்கும். ஒரு தடவைக்கு 10 வினாடிக்கு மேல் போகாது.
2. உறிஞ்சுகுழாய் உள்ளே போகவில்லை, அல்லது உறிஞ்சியும் மூச்சு சீராகவில்லை என்றால், தயங்காமல் குழாயை மாற்றுதல்.
3. அதே அளவுக் குழாய் போகவில்லையென்றால் ஓர் அளவு சிறிய குழாய்.
4. அதுவும் முடியாவிட்டால், பயிற்சியில் சொன்ன முறையில் மூச்சு ஊட்டுதல்.

இதற்கிடையில் இரண்டாமவர் அவசர மருத்துவ வாகனத்துக்கு 995ஐ அழைப்பார். தனியாக இருந்தால் கைப்பேசியின் ஒலிபெருக்கியைப் போட்டுவிட்டுக் கைகள் வேலையைத் தொடர வேண்டும். மேற்சொன்னது பொதுவான வரிசை. உங்கள் குழந்தைக்கென்று மருத்துவக் குழு எழுதிக் கொடுத்த தாள் இதிலிருந்து மாறினால் அந்தத் தாளையே பின்பற்ற வேண்டும்.

இதனால்தான் “அவசரப் பை” குழந்தையை விட்டுப் பிரியக் கூடாது என்கிறார்கள். அதில் அதே அளவுக் குழாய், ஓர் அளவு சிறியது, கழுத்துப் பட்டை, கத்தரிக்கோல், உறிஞ்சுகுழாய்கள், கையடக்க உறிஞ்சுகருவி, மூச்சு ஊட்டும் பை எல்லாம் இருக்கும். கீழ்த்தளக் கடைக்குப் போனாலும் அது கூட வரும். மின்தூக்கி இரு மாடிகளுக்கு நடுவில் நின்றுவிடும் ஐந்து நிமிடத்துக்கும் சேர்த்துத்தான் அந்தப் பை.

மின்சாரத்தையும் யோசிக்க வேண்டும். சிங்கப்பூரில் மின்தடை அபூர்வம்தான். ஆனால் 2018 செப்டம்பர் 18 அதிகாலையில் பல வட்டாரங்களில் ஒரே நேரத்தில் மின்சாரம் போனது. பாதிக்கப்பட்ட வாடிக்கையாளர்கள் ஏறக்குறைய 147,000. ஒரு மணி நேரத்துக்குள் திரும்பிவிட்டது என்றாலும், சுவாசக் கருவிக்கு அது நீண்ட நேரம். பெருந்தடை வேண்டாம், வீட்டில் ஃபியூஸ் போனாலே போதும். கருவியின் பேட்டரி எத்தனை மணி தாங்கும், ஆக்சிஜன் உருளை எங்கே இருக்கிறது, கையால் அழுத்தும் உறிஞ்சுகருவி இருக்கிறதா என்ற மூன்றுக்கும் பதில் தெரிந்திருக்க வேண்டும்.

மருந்துக் கணக்கில் ஒழுகும் இடம்

வீட்டுப் பராமரிப்பில் நேரும் தவறுகளில் பல இந்தச் சின்னக் கணக்கில்தான். ஒரு குழந்தைக்கு 50 மில்லிகிராம் மருந்து என்று வைத்துக்கொள்வோம். வீட்டிலிருக்கும் புட்டியில் 5 மில்லிலிட்டருக்கு 100 மில்லிகிராம். ஆகவே 2.5 மில்லிலிட்டர். அம்மாவின் கைக்கு “இரண்டரை” என்பது பழகிவிடுகிறது. அடுத்த மாதம் வேறு செறிவுள்ள புட்டி வருகிறது: 5 மில்லிலிட்டருக்கு 250 மில்லிகிராம். இப்போது தேவை 1 மில்லிலிட்டர். பழக்கதோஷத்தில் இரண்டரையை இழுத்தால் குழந்தைக்குப் போவது 125 மில்லிகிராம், அதாவது இரண்டரை மடங்கு.

ஆகவே மருந்தை மில்லிலிட்டராக மட்டும் மனத்தில் வைக்கக் கூடாது. மில்லிகிராம், புட்டியின் செறிவு, மில்லிலிட்டர் மூன்றையும் சேர்த்து எழுதி வைக்க வேண்டும். புதுப் புட்டி வரும் ஒவ்வொரு முறையும் மருந்தாளரிடம் “அதே செறிவுதானா?” என்று கேட்க வேண்டும். சமையலறைக் கரண்டி வேண்டாம்; சிரிஞ்ச் மட்டும்.

இன்னொரு பொறி, இரண்டு பேர் இருக்கும் வீட்டில் இரண்டு பேரும் கொடுத்துவிடுவது. “நீ கொடுத்திருக்கமாட்டாய் என்று நினைத்தேன்” என்ற வாக்கியம் எந்த வீட்டிலும் வரக்கூடியது. கொடுத்தவுடனே கையெழுத்திடும் ஒரு தாள் இருந்தால் போதும். குழந்தை வாந்தி எடுத்தால் மறுபடி கொடுக்கலாமா என்பது மருந்துக்கு மருந்து மாறும். ஒவ்வொன்றுக்கும் தனியாகக் கேட்டு எழுதிக்கொள்ள வேண்டும்.

குழந்தைகளுக்கு அதிகம் வரும் ரத்தப் புற்றுநோய் வகையில், தீவிரக் கட்டம் முடிந்த பிறகும் பராமரிப்புச் சிகிச்சை நீண்ட காலம் தொடரும். தொடக்கத்திலிருந்து கணக்கிட்டால் மொத்தச் சிகிச்சை ஏறக்குறைய இரண்டு ஆண்டுகளோ சற்றுக் கூடுதலோ ஆகும். அதில் பெரும்பகுதி வீட்டில் விழுங்கும் மாத்திரை. குழந்தை ஓடியாடி விளையாடும் காலம் அது என்பதால், ஒரு நாள் விட்டால் என்ன என்று தோன்றும். விடுபடும் நாள்கள் கூடினால் நோய் திரும்பும் ஆபத்தும் கூடும். அந்த மாத்திரையை வெறும் கையால் உடைக்கவும் கூடாது, கையுறை வேண்டும்.

எப்போது காத்திருப்பது, எப்போது ஓடுவது

மேலே சொன்ன நான்காவது வேலையான கவனிப்புக்கு வருவோம். தாதிகள் ஆண்டுக்கணக்கில் பழகிப் பெறும் கண் இது. பெற்றோருக்கு அது ஒரே குழந்தையை இடைவிடாமல் பார்த்து வருகிறது. “ஏனோ இன்றைக்குச் சரியில்லை” என்று அம்மா சொல்வதை அனுபவமுள்ள மருத்துவர்கள் தட்டிக்கழிப்பதில்லை. ஆனாலும் உணர்வை மட்டும் நம்பி இருக்க முடியாது. சில எல்லைக்கோடுகள் எண்ணாகவே இருக்க வேண்டும்.

1. கீமோ எனப்படும் புற்றுநோய் மருந்து எடுக்கும் குழந்தைக்கு 38 டிகிரி காய்ச்சல் என்றால் அது அவசரம். வெள்ளணுக்கள் குறைந்திருக்கும்போது கிருமி சில மணி நேரத்தில் ரத்தத்தில் பரவிவிடும். மருத்துவமனைகள் ஒரு மணி நேரத்துக்குள் கிருமிக்கொல்லி மருந்தைத் தொடங்கப் பார்க்கும். பாராசிட்டமால் கொடுத்து “காலையில் பார்க்கலாம்” என்பது இங்கே மிக ஆபத்தான தவறு.
2. வலிப்பு 5 நிமிடத்தைத் தாண்டினால் அவசர மருந்து கொடுத்து 995ஐ அழைக்க வேண்டும். சிலருக்கு ஆசனவாய் வழியாகச் செலுத்தும் டயசிபாம், சிலருக்குக் கன்னத்துக்குள் விடும் மிடசோலம். கடிகாரத்தைப் பார்ப்பது அவசியம். அந்த நேரத்தில் ஒரு நிமிடம் பத்து நிமிடமாகத் தோன்றும். குழந்தையை ஒருக்களித்துப் படுக்கவைத்தால் போதும். கையில் இரும்புச் சாவியைத் திணிப்பதும் வாயில் எதையாவது வைப்பதும் வேண்டாம்.
3. உதடு நீலம் பாய்ந்தால், விலா எலும்புகளுக்கு இடையே சதை உள்வாங்கினால், எழுப்பினாலும் எழாவிட்டால் 995. யோசிக்க வேண்டியதில்லை.

அவசர மருத்துவ வாகனம் குழந்தையின் கோப்பு இருக்கும் மருத்துவமனைக்கே போகும் என்று உறுதி சொல்ல முடியாது. ஆகவே நோயின் பெயர், மருந்துகள், ஒவ்வாமை, குழாயின் அளவு, வழக்கமான ஆக்சிஜன் அளவு ஆகியவை அடங்கிய ஒரு பக்கச் சுருக்கம் அவசரப் பையில் இருப்பது நேரத்தை மிச்சப்படுத்தும்.

நம் வீடுகளுக்கே உரிய சில

ஆக்சிஜன் ஓடும் அறையில் குத்துவிளக்கும் ஊதுபத்தியும் கூடாது. தீபாவளி மத்தாப்பும் அப்படித்தான். நெருப்பு குறைந்தது 3 மீட்டர் தள்ளி இருக்க வேண்டும். சாம்பிராணிப் புகையும் குழந்தைகளுக்கான பவுடரும் கழுத்துத் துளை வழியாக நேரே நுரையீரலுக்குப் போகும். மூக்கு வடிகட்டும் வேலை அங்கே இல்லை. அண்டை நாட்டுக் காட்டுத்தீயால் புகைமூட்டம் வரும் மாதங்களிலும் இதே கவனம் வேண்டும்.

பாட்டி ஆசையாகக் காய்ச்சும் கேழ்வரகுக் கஞ்சி மெல்லிய குழாயை அடைத்துவிடும். கஷாயம், ஓமத் தண்ணீர், பெயர் தெரியாத சூரணம் எதுவும் மருத்துவருக்குத் தெரியாமல் குழாயில் போகக் கூடாது. வலிப்பு மருந்தின் வேகத்தையும் கீமோவின் வேகத்தையும் சில மூலிகைகள் மாற்றிவிடும். துளையைச் சுற்றி மஞ்சள் பூசுவதும் வேண்டாம். பாட்டியிடம் இதைச் சொல்லும் வேலையை மருமகளிடம் விடாமல், மகன் செய்தால் வீட்டில் சண்டை குறையும்.

இரண்டு பேராவது

பயிற்சி முழுவதையும் அம்மா மட்டும் எடுத்துக்கொள்வதே இங்கே வழக்கமாக இருக்கிறது. அப்பா வேலைக்குப் போகிறார், அம்மா வேலையை விடுகிறார். பார்க்க இது சிக்கனமான ஏற்பாடு. அம்மாவுக்கு டெங்கி வந்தால் அன்றே அது முறியும். குழாய், சுவாசக் கருவி உள்ள குழந்தையை அனுப்புமுன் குறைந்தது இரண்டு பேர் முழுப் பயிற்சி பெற்றிருக்க வேண்டும் என்று மருத்துவக் குழுக்கள் கேட்பது இதனால்தான். “இரண்டாமவர்” பட்டியலில் கையெழுத்துப் போட்டதோடு நின்றுவிட்டால் கணக்கு ஒன்றுதான். வாரத்தில் ஓர் இரவாவது அவர் முழுப்பொறுப்பு எடுக்காவிட்டால், தேவைப்படும் நாளில் கை மறந்திருக்கும்.

பணிப்பெண்ணைப் பயிற்றுவிப்பது பெரிய உதவி. ஆனால் ஒப்பந்தம் முடியும், ஊருக்குப் போவார், மாதம் ஒரு நாளாவது கட்டாய ஓய்வு நாள் உண்டு. 2023 முதல் அந்த ஒரு நாளுக்குப் பதிலாகப் பணம் கொடுத்துவிடவும் முடியாது. புதியவர் வரும்போது பழையவரும் சில வாரங்கள் கூட இருக்கும்படி திட்டமிடுபவர்கள் புத்திசாலிகள்.

குணமாகாத நோயுள்ள குழந்தைகளுக்கு எச்சிஏ என்ற அந்திமகாலப் பராமரிப்பு அமைப்பின் ஸ்டார் பால்ஸ் சேவை வீடு தேடி வருகிறது. இதை “கடைசி நாள்களுக்கானது” என்று நினைத்துப் பல குடும்பங்கள் தள்ளிப்போடுகின்றன. வலி, மூச்சுத்திணறல், தூக்கமின்மை ஆகியவற்றைத் தணிக்கும் பராமரிப்பு அது. சிகிச்சை நடந்துகொண்டிருக்கும்போதே சேரலாம். நாள்பட்ட நோயுள்ள குழந்தைகளின் குடும்பங்களுக்கு 1992 முதல் கிளப் ரெயின்போ என்ற அறநிறுவனம் துணைநிற்கிறது.

பணமும் விடுப்பும்

மெடிஷீல்டு லைஃப் 2015 நவம்பரிலிருந்து எல்லாக் குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும், பிறவிக் கோளாறு உள்ளவர்களையும் சேர்த்து, காப்புறுதி தருகிறது. அது பெரிய மருத்துவமனைக் கட்டணங்களுக்கானது. கையுறை, உறிஞ்சுகுழாய், சிறப்புப் பால்மாவு, டயப்பர் என்று மாதாமாதம் கசியும் செலவு அதற்கு வெளியே. கடும் உடற்குறைக்கான காப்புறுதியான கேர்ஷீல்டு லைஃப் 30 வயதில்தான் தொடங்குகிறது, குழந்தைக்குப் பயனில்லை.

இல்லப் பராமரிப்பு மானியம் வயது பார்ப்பதில்லை. 2023 மார்ச்சில் அதன் உச்சத்தொகை மாதம் 400 வெள்ளியானது. 2025 வரவுசெலவுத் திட்டத்தின்படி 2026 ஏப்ரல் முதல் 600 வெள்ளி. ஆனால் குளிப்பது, உடுத்துவது, உண்பது, கழிப்பறை செல்வது, நடமாடுவது, படுக்கையிலிருந்து நாற்காலிக்கு மாறுவது ஆகிய ஆறில் குறைந்தது மூன்றுக்கு எப்போதும் உதவி தேவைப்பட வேண்டும். இங்கே ஓர் இடறல் இருக்கிறது. நெஞ்சில் மையக்குழாய் பதித்த எட்டு வயதுப் பையன் தானே நடப்பான், உடுத்துவான், உண்பான். அவனுக்காகப் பெற்றோர் செய்யும் மருத்துவ வேலை எவ்வளவு நுட்பமானதாக இருந்தாலும் இந்த அளவுகோலில் அது பதிவாகாது. அளவுகோல் முதுமையையும் உடற்குறையையும் மனத்தில் வைத்து அமைந்தது என்றே தோன்றுகிறது.

கட்டணத்தைச் சமாளிக்க முடியாத சிங்கப்பூர்ப் பிள்ளைகளுக்கு மெடிஃபண்ட் ஜூனியர் என்ற அரசு உதவி நிதி உண்டு. மருந்துச் செலவு மலைபோல் இருக்கும் குறிப்பிட்ட சில அரிய நோய்களுக்கு, 2019இல் தொடங்கிய அரிய நோய் நிதி உண்டு; பொதுமக்கள் தரும் ஒவ்வொரு வெள்ளிக்கும் அரசு மூன்று வெள்ளி சேர்க்கிறது. பட்டியலில் இல்லாத நோய்க்கு அதிலிருந்து பணம் கிடைக்காது. உதவிச் சாதனங்களுக்கு, உடற்குறையுள்ளோருக்கான எஸ்ஜி எனேபல் அமைப்பு வழியாகத் தனி நிதி. 16 வயதுக்குட்பட்ட குடிமகப் பிள்ளை இருந்தால் பணிப்பெண்ணுக்காக அரசுக்குக் கட்டும் தீர்வை மாதம் 60 வெள்ளியாகக் குறையும். இவற்றையெல்லாம் தனியாகத் தேடி அலைவதைவிட மருத்துவமனையின் சமூக ஊழியரை முதல் வாரத்திலேயே பார்ப்பது மேல். கட்டணம் குவிந்த பிறகு போவதுதான் நம்மவர் வழக்கம்.

வேலைக்காக வெளிநாட்டிலிருந்து வந்து குடும்பத்தோடு வாழும் தமிழர்களுக்கு இந்தப் பட்டியலில் பெரும்பாலானவை பொருந்தாது. அவர்கள் நிறுவனக் காப்புறுதியின் சிறு எழுத்துகளை, குறிப்பாகப் பிறவிக் கோளாறு பற்றிய விதிவிலக்கை, குழந்தை பிறக்குமுன்பே படிக்க வேண்டும்.

விடுப்பு விஷயத்தில் சட்டம் கைகொடுப்பது கொஞ்சம்தான். ஏழு வயதுக்குட்பட்ட குடிமகப் பிள்ளை இருந்தால் ஒவ்வொரு பெற்றோருக்கும் ஆண்டுக்கு 6 நாள் பிள்ளைப் பராமரிப்பு விடுப்பு. கடைசிப் பிள்ளை 7 முதல் 12 வயதுக்குள் என்றால் 2 நாள். ஒரே ஒரு நிமோனியா அதைத் தின்றுவிடும். 2024 டிசம்பர் முதல் நடப்பிலுள்ள, அரசும் முதலாளிகளும் தொழிற்சங்கங்களும் சேர்ந்து வகுத்த முத்தரப்பு வழிகாட்டிப்படி, நீக்குப்போக்கு வேலை ஏற்பாட்டை எழுத்துபூர்வமாகக் கேட்டால் முதலாளி இரண்டு மாதத்துக்குள் எழுத்தில் பதில் தர வேண்டும். மறுக்கலாம், ஆனால் வேலை தொடர்பான காரணம் சொல்ல வேண்டும். மருத்துவரின் கடிதத்தை இணைத்து, எந்த நாள் எந்த மணி என்று குறிப்பாகக் கேட்டவர்களுக்கே பதில் சாதகமாக வர வாய்ப்பு அதிகம்.

21ஆம் பிறந்தநாள்

இத்தகைய குழந்தைகளில் பலர் இப்போது பெரியவர்களாக வளர்கிறார்கள். சிங்கப்பூரில் 21 வயதானதும், சட்டப்படி பெற்றோர் என்ற ஒரே காரணத்துக்காக அவருக்காக முடிவெடுக்கும் உரிமை தொடராது. அறிவுத்திறன் குறைபாட்டால் தானே முடிவெடுக்க முடியாதவராக இருந்தால், மனவளச் சட்டத்தின்கீழ் அவருக்கான பிரதிநிதியாக நீதிமன்றம் பெற்றோரை நியமிக்க வேண்டும். வங்கிக் கணக்கு, சிகிச்சைச் சம்மதம், சொத்து என்று பலதும் இதில் தொங்கும். சிறப்புப் பள்ளியில் படிக்கும் பிள்ளைகளின் பெற்றோருக்கு இந்த விண்ணப்பத்தில் கைகொடுக்கும் ஒரு திட்டம் பள்ளி வழியாகவே நடக்கிறது. விண்ணப்பத்துக்கு மருத்துவ அறிக்கை தேவை. சிறுவர் மருத்துவரிடமிருந்து பெரியவர்களுக்கான மருத்துவரிடம் மாறுவதும் ஏறக்குறைய அதே காலகட்டத்தில் நடக்கும் என்பதால், குழந்தையை ஆண்டுக்கணக்கில் அறிந்த பழைய மருத்துவரிடம் அந்த அறிக்கையைக் கேட்டு வாங்க 19, 20 வயதுதான் தோதான நேரம்.